கிட்டத் தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. மலையேரி, படகு, காற்று என்றதும் உங்களில் சிலர் எழுந்து போகப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பயப்படாமல் கேளுங்கள். ஆனால், "யாரும் சாகலையே, அப்புறம் என்ன?" என்று மட்டும் கடைசியில் கேட்டுவிடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் அவளிடம் கேட்டார்கள்.

படகுத்துறையில் அவளைக் காத்தம்மா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரை ரேஷன் அட்டையைத் தவிர யாரும் சொன்னதில்லை. துறையை எடுத்து நடத்தியது அவள் புருஷன், பெரியவர். உரிமம் அவர் பேரில். துடுப்புப் போடுவது அவருடைய தம்பி, சின்னவன். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் சின்னவன் பெண்டாட்டி. காற்றுப் பார்ப்பது இவள் வேலை.

மலையேரியின் குணம் தரையில் இருக்கிற ஏரிக்கு வராது. காலையில் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடக்கும். மேற்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு. மத்தியானத்துக்கு மேல் காற்று அந்த வழியாகத்தான் இறங்கும். இறங்குகிற நாளில் ஏரியின் அந்தப் பாதி கொதிக்கும். இந்தப் பாதிக்கோ ஒன்றும் தெரியாது. படகுத்துறை ஒரு குன்றின் அணைப்பில் இருந்ததால், துறைக்கு முன்னால் நூறு அடித் தண்ணீர் எப்போதும் நல்ல பிள்ளை போல இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அந்த நூறு அடியைத்தான் பார்ப்பார்கள். அவள் அதைப் பார்க்கவே மாட்டாள்.

"கிட்டத் தண்ணி முகஸ்துதிக்காரி. நாம என்ன கேக்க ஆசைப்படுறோமோ அதைத்தான் சொல்லும்" என்பாள்.

அவள் பார்ப்பது நாலு. அக்கரையில் ஒரு விடுதி, அதன் சமையல்கட்டுப் புகை. நேராக எழும்புகிறதா, குழாயை விட்டு வந்ததும் படுத்துக்கொள்கிறதா. அடுத்தது சீட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த காற்றழுத்த முள். கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால் முள் லேசாக நகரும். நிற்கிற இடத்தைவிட அது நகர்கிற பக்கம்தான் அவளுக்கு முக்கியம். மூன்றாவது, முகத்தைக் கழுவித் துடைக்காமல் துறையின் நுனியில் போய் நிற்பாள். எந்தக் கன்னம் முதலில் சில்லிடுகிறதோ அந்தப் பக்கம் காற்று. கடைசியாக ஒரு தொலைபேசி. மேலே கணவாயில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே கம்பை ஏற்றி இறக்குகிறவரைக் கூப்பிட்டு, அவர் தலைக்கு மேலே இருக்கிற கொடி எப்படி ஆடுகிறது என்று கேட்பாள். கணவாயில் அடிக்கிற காற்று ஏரிக்கு வர அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பதினொரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு, துறை வாசலில் ஆணியில் தொங்கும் தகரத் தட்டைத் திருப்புவாள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. தன் பள்ளிக்கூட நோட்டில் மணி போட்டு எழுதுவாள். சாயங்காலம் பெரியவர் அதைப் பார்த்து ஏரி அலுவலகத்துப் பதிவேட்டில் எடுத்தெழுதித் தன் கையெழுத்தைப் போடுவார். பார்ப்பது அவள், கையெழுத்து அவர். இதில் ஒரு குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரே வீடுதானே.

சின்னவன் தினமும் காலையில் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

"அண்ணி, இன்னைக்குக் காத்து என்ன மூட்ல இருக்கு?"

"உன் பொண்டாட்டி மூட்ல இருக்கு. காலையில பூ மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல கிட்டப் போகாதே."

"அக்கா, எனக்குக் காது நல்லாவே கேக்குது!" என்று சீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

சின்னவன் தானாக வானத்தைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. "எனக்கு எதுக்கு? அண்ணி சொன்னா ஏரியே கேக்கும்" என்பான். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். அவள் சொன்னதை அவன் மறுத்த நாள் ஒன்றுகூட இல்லை. அவளிடம் சொத்து என்று ஒன்று இருந்ததானால் அது அதுதான்.

ஆனால் சிவப்புத் தட்டுக்கு யார் நன்றி சொல்வார்கள்? கரையிலேயே நின்றுவிட்டவர்களுக்குத் தாங்கள் தப்பித்தது எப்படித் தெரியும்? "இவ்வளவு தூரம் வந்தோமே" என்ற முனகல்தான் மிஞ்சும். பெரியவருக்கும் அது உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் புகை படுத்துக்கொண்டது. தட்டியதும் முள் இடது பக்கம் சாய்ந்தது. அவள் சாவடிக்குப் பேசினாள்.

"சார், கொடி எப்படி?"

"கொடியை ஏம்மா கேக்குறே? நான் தொப்பியையே கயிறு போட்டுத் தாடையில கட்டியிருக்கேன். கொஞ்ச நேரத்துல என்னையும் கட்டணும்."

"அவ்வளவா?"

"அரை மணியில உங்க பக்கம் வந்துடும். வந்தா எல்லார்கிட்டயும் சொல்லு, இது சார் அனுப்பின காத்துன்னு."

"சிவப்பு போட்டுடறேன் சார்."

"போடு, போடு."

தட்டைத் திருப்பினாள். பன்னிரண்டு பத்து, சிவப்பு என்று நோட்டில் எழுதினாள். கொட்டகையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த சின்னவனிடம் போய், "இன்னைக்கு இவ்வளவுதான்டா, கையைக் கழுவு" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் பின்பக்கம் வீட்டுக்குப் போனாள். இருபது நிமிஷம். அதற்குமேல் இல்லை. சிவப்பு விழுந்ததும் சின்னவன் பெண்டாட்டியும் சீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அந்த இருபது நிமிஷத்தில் ஒரு கம்பெனிக் கூட்டம் வண்டியில் வந்து இறங்கியது. ஒரே நிறத்தில் பனியன் போட்டவர்கள். அவர்களுடைய மேலாளர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். நூறு அடித் தண்ணீரை.

"என்ன சார், சலூன் கண்ணாடி மாதிரி இருக்கு. எதுக்கு சிவப்பு?"

"காத்து வருதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் பெரியவர்.

"யாரு, ரேடியோவிலயா?"

"இல்ல, இங்க பாக்குறவங்க."

"யாரு சார் அது?"

பெரியவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுக்காரி" என்றார்.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, வேலையில்லாத நாளின் சிரிப்பு. மேலாளர் அவர் தோளில் கை போட்டார். "வீட்டுல மட்டும்தான் நமக்கெல்லாம் சிவப்புன்னு நினைச்சேன். உங்களுக்கு ஆபீஸ்லயும் அவங்கதானா?"

இதற்குப் போய் யாராவது ஒரு தட்டைத் திருப்புவார்களா என்று கேட்பீர்கள். இதற்குத்தான் திருப்புவார்கள், என் கண்ணுகளா. பெரிய காரணம் இருந்தால் மனுஷன் யோசிப்பான்.

பெரியவரும் தண்ணீரைப் பார்த்தார். பதினொரு வருஷம் அவளோடு அங்கே நின்றவர், அவரும் கிட்டத் தண்ணீரைத்தான் பார்த்தார். தகரத்தைப் பச்சைக்குத் திருப்பினார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, அண்ணி சிவப்புன்னாங்களே?"

"இப்பத்தான் வந்து மாத்திட்டுப் போனா."

அண்ணி மாற்றினாள் என்றால் சரி. அவன் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தள்ளினான்.

மீதியை நீட்ட மாட்டேன். ஏரியின் நடுவைத் தாண்டியதும் எட்டத் தண்ணீர் கறுத்து வந்தது. திருப்பவும் இடமில்லை. படகைப் பக்கவாட்டில் தூக்கி வடக்குக் கரைப் பாறையில் கொண்டுபோய் அறைந்தது காற்று. இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் மிதந்தார்கள். ஒரு பெண் படகின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கும் பாறைக்கும் நடுவில் சின்னவன் தன் வலது கையைக் கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கையை வெட்டி எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை என்று அவன் பெண்டாட்டி பிற்பாடு சொன்னாள். தோளிலிருந்து ஈரத்துணி போல அது தொங்கியது.

ஆஸ்பத்திரியில் பெஞ்சுக்கு மேலே ஒரு மின்விசிறி சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மறைக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுது முடித்தபின் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. சிவப்பு போட்டப்புறம் உரிமக்காரனே படகை விட்டான்னு தெரிஞ்சா உரிமம் அவ்வளவுதான், ஆயுசுக்கும் கிடையாது. கூட இருக்கிறவங்க பார்வைத் தப்புன்னா ஒரு மாசம் மூடச் சொல்வாங்க."

அவள் அவர் முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன போகுது? உன் பேர்ல உரிமமா இருக்கு, கையெழுத்தா இருக்கு? அவன் இனிமே துடுப்பைத் தொட முடியாது. துறையும் போச்சுன்னா அவன் பொண்டாட்டி பிள்ளைங்களை யாரு பாக்குறது, சொல்லு."

"என்னன்னு சொல்லணும்?"

"கிட்டத் தண்ணியைப் பாத்துட்டேன், அமைதியா இருந்துச்சு, பச்சைன்னு மாத்திட்டேன்னு சொல்லு. போதும்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. தப்பை ஏற்றுக்கொள் என்றபோது வராதது அப்போது வந்தது.

"வேற தப்பே கிடைக்கலையா உங்களுக்கு? முள்ளு கெட்டுப்போச்சுன்னு சொல்றேன். தலை சுத்தி விழுந்துட்டேன்னு சொல்றேன். கிட்டத் தண்ணியைப் பாத்தேன்னா? நேத்து வந்த ஆள் பண்றதை நான் பண்ணினேன்னா?"

"முள்ளை அவங்க தட்டிப் பாப்பாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு கேப்பாங்க. இதுக்குத்தான் எதுவும் கேக்க மாட்டாங்க. அந்தக் கம்பெனிக்காரங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க, தொந்தரவு பண்ணி ஏறினதே அவங்கதானே."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த விஷயங்களில் அவர் கெட்டிக்காரர். நோட்டில் அந்தப் பக்கத்தை அவள் கையாலேயே கிழித்தாள். கிழித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் நாலாக மடித்து வைத்திருந்தாள். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையான மனிதர். சீட்டு அறையில் நாற்காலி போட்டு, அவளையும் உட்காரச் சொன்னார்.

"எத்தனை வருஷமாம்மா பாக்குறீங்க?"

"பதினொண்ணு."

"அப்புறம் எப்படிம்மா? பக்கத்துத் தண்ணியைப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு எங்க கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கே."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள். அது பொய். நோட்டு எழுதுகிறவளுக்குப் படிக்கத் தெரியாதா? ஆனால் அந்தப் பொய் ரொம்ப உதவியாக இருந்தது. அதிகாரியின் முகத்தில் இரக்கம் வந்தது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அந்த அம்மாள் துறையின் பலகையில் கால் வைக்கக் கூடாது, காற்றுப் பார்க்கும் பொறுப்பை உரிமக்காரரே நேரில் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். பெரியவர் கையெழுத்துப் போட்டார். அவள் பெருவிரல் ரேகை வைத்தாள். படிக்கத் தெரியாது என்று சொல்லியாயிற்றே.

"யாரும் சாகலையே, அதைச் சொல்லுங்க. அதுவே பெரிய விஷயம்" என்று எழும்போது அதிகாரி சொன்னார்.

ஒரு வாரம் கழித்துச் சாவடிக்காரரே வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கீழே இருந்து வந்தவங்க என்னென்னமோ சொல்றாங்க. நீ பச்சை போட்டியாம். அன்னைக்கு என்கிட்ட சிவப்பு போடுறேன்னுதானே சொன்னே? நான் போடு போடுன்னேனே."

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பெரியவர் சோற்றுத் தட்டின் முன்னால் கையை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அது முந்தின நாள் சார்" என்றாள். "உங்களுக்கு நாள் மாறிப்போச்சு."

"முந்தின நாள் எனக்கு விடுமுறைம்மா."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"சரிம்மா" என்றார் அவர். அதற்குப் பிறகும் அவள் கூப்பிட்டால் எடுப்பார். "மேற்கு, பலமா இருக்கு" என்பார், வைத்துவிடுவார். தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான். சின்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். அவன் பெண்டாட்டி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். படகு மோதிய நாளிலிருந்தே அவள் இவளோடு பேசுவதில்லை. அவன் மட்டும் இடது கையால் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க அண்ணி. யாருக்கும் ஒரு நாள் கண்ணு ஏமாத்தும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை."

அவன் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்துகிற வாயில் உண்மை தானாக வந்து விழுந்திருக்கும். மன்னித்தவனிடம் என்ன சொல்வது? சொன்னால் அவன் அடுத்த நிமிஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு இறங்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒற்றைக் கையோடு எங்கே போவான்? "வாயைத் திற" என்று ஒரு கவளம் ஊட்டினாள்.

துறை ஒரு மாதத்தில் திறந்தது. கூலிக்குத் துடுப்புக்காரர்கள் வந்தார்கள். சின்னவன் சீட்டு ஜன்னலில் உட்கார்ந்தான். அவள் மேலே ஒரு விடுதியின் சலவைக்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை உதறி, நாலு முனையும் சேர்த்து மடித்து அடுக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் முதல் நாளே விசாரித்துவிட்டார்கள். "நீங்கதானே அந்த ஏரி அம்மா?" என்றாள் ஒருத்தி. "துணி காயப் போடலாமா வேண்டாமான்னு மட்டும் இவங்ககிட்ட கேக்காதீங்கடி" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்து வைத்தாள்.

துறை திறந்த முதல் நாள் காலையில், பெரியவர் பல் தேய்த்துவிட்டு வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்:

"இன்னைக்கு எப்படி?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அதிகாரியோட கையேட்டுல முதல் பக்கத்துல பாருங்க என்று வாய்வரை வந்தது. துண்டு அப்படியே முகத்தில் இருந்தது. அவள் எழுந்ததுமே முகத்தைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் நின்றுவிட்டு வந்திருந்தாள். யாருக்காகவும் இல்லை, பழக்கம். சாவடிக்கும் பேசியாகிவிட்டது. மத்தியானம் அந்தத் தண்ணீரில் யாரோ பெற்ற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

"ரெண்டு மணிக்கு மேல வேண்டாம்" என்றாள்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். துண்டு இல்லாமல் அவர் கேட்டதில்லை.

ஆறு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் சின்னவன் சலவைக்கட்டு வாசலில் வந்து நின்றான். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. முகம் நெடுநாளைக்குப் பிறகு வெளிச்சமாக இருந்தது.

"அண்ணி, இன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க! ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, அம்பது பேர். வாத்தியார் ஒத்தக்கால்ல நிக்கிறார், இப்பவே போகணும்னு. ஏரியில ஒரு சுருக்கம் இல்லை. அண்ணன் முடியவே முடியாதுன்னுட்டார். கிட்டத் தண்ணியைப் பாக்காதீங்க சார், அது முகஸ்துதிக்காரின்னார். அரை மணிகூட ஆகலை, எட்டத் தண்ணி கறுத்துச்சு பாருங்க. அந்த வாத்தியார் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார். பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சு."

அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றாள்.

"அலுவலகத்துல இருந்து அண்ணனைக் கூப்பிட்டிருக்காங்க. மத்தத் துறைக்காரங்களுக்கும் காத்துப் பாக்கச் சொல்லித் தரணுமாம். எங்க இருந்துதான் கத்துக்கிட்டாரோ! பக்கத்துலயே இருந்து எனக்குத் தெரியலை பாருங்க." கொஞ்சம் நிறுத்தினான். அவள் மனம் நோகக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்களும் நல்லாத்தான் பாப்பீங்க அண்ணி. ஆனா அண்ணன் பாக்குறது வேற. ஒரு தடவைகூடத் தப்பலை."

உள்ளே இயந்திரம் தண்ணீரைக் கக்கிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"பிள்ளைங்க எல்லாம் கரையிலதானே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட ஏறலை."

"சரி" என்றாள். "அந்த முனையைப் பிடி, தனியா மடிக்க வரலை."

அவன் இடது கையால் ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனை தரையில் தொங்கியது. குனிந்து அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.